பதினொரு முட்டைகளும் ஒரு பழைய பிளக்கும்

முட்டைகளைப் பெட்டிக்குள் வைத்து இருபது நாளும் ஐந்து மணி நேரமும் ஆகியிருந்தன. நாளைய தேதியைச் சுற்றி அக்கா சிவப்பு வட்டம் போட்டிருந்தாள். நாளை குஞ்சு பொரியும்.

மொத்தம் பதினொரு முட்டைகள். பக்கத்து வீட்டுத் தையல்காரரின் கோழி இட்டவை. அந்தக் கோழி வேன் சக்கரத்தில் சிக்கிச் செத்த அன்றே, அக்கா முட்டைகளைத் துண்டில் சுற்றி எடுத்து வந்துவிட்டாள். தெர்மோகோல் பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பும் வெப்பமானியும் வைத்து, பல்பை வைஃபையில் ஓடும் பழைய பிளக் ஒன்றில் மாட்டினாள். பெட்டிக்குள் சூடு குறைந்தால் வெப்பமானி வைஃபை வழியே பிளக்குக்குச் சொல்லும், பிளக் பல்பை எரிய வைக்கும். கூடினால் அணைத்துவிடும். இப்போது அந்த எட்டு வயதுப் பிளக்தான் முட்டைகளுக்கு அம்மா.

"அக்கா, பல்பு எரியல," என்றான் பொடியன்.

அக்கா ஓடி வந்து குனிந்தாள். முப்பத்தேழரை காட்ட வேண்டிய வெப்பமானி முப்பத்து நான்கில் நின்றது.

"யாருடா தொட்டது?"

"நான் தொடல."

"போன வாரம் மூடியைத் திறந்து முட்டைக்குக் கதை சொன்னது யாரு?"

"அது போன வாரம்," என்றான் பொடியன். உதடு பிதுங்கியது.

அக்கா பல்பைப் பிடுங்கி நேராகச் சுவரில் சொருகினாள். சூடு ஏறியது. முப்பத்தாறு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. பதறிப்போய்ப் பிடுங்கினாள். சற்று நேரத்தில் மறுபடி இறங்கியது.

"ராத்திரி முழுக்க இப்படிச் சொருகிப் பிடுங்க முடியாது. இந்தப் பிளக்கைக் கழட்டிப் பார்த்துடறேன்."

அவள் ஸ்க்ரூடிரைவர் தேடக் கிளம்பினாள்.

மூலையில் டேப்லட்டோடு உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்தாள். அக்காவுக்கு இளையவள், பொடியனுக்கு மூத்தவள், பத்து வயது. எதையும் நிதானமாகச் செய்யாததால் வீட்டில் அவளுக்கு 'அவசரம்' என்றே பெயர்.

"நெட் நல்லாத்தானே வருது. வீடியோ ஓடுதே," என்றாள்.

"அப்போ பிளக்தான் போச்சு. இவன் எதையோ இழுத்திருக்கான்."

அவசரம் அடுப்படிப் பக்கம் பார்த்தாள். அங்கே ஏதோ குறைந்தது. மத்தியானம்வரை பாடிக்கொண்டிருந்த ரேடியோ வாயை மூடிக்கொண்டிருந்தது. அதுவும் வைஃபையில் பாடுவது. அதுவும் பழசு.

புது டேப்லட் ஓடுகிறது. புது டிவி ஓடுகிறது. பழசு இரண்டும் மட்டும் ஊமை.

அவள் கண் ரவுட்டர் பக்கம் போனது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால், வீடியோ நின்று நின்று வருகிறதே என்று ரவுட்டரின் செட்டிங்கைத் திறந்திருந்தாள். 'பழைய கருவிகளும் புதிய கருவிகளும்' என்று இருந்ததை, 'புதிய கருவிகள் மட்டும்' என்று மாற்றியிருந்தாள். பழசெல்லாம் சேர்ந்து புதுசை மெதுவாக்கிவிடும் என்று பள்ளியில் யாரோ சொன்னார்கள்.

அடுத்த அறையில் அக்கா இழுப்பறையை உருட்டும் சத்தம் கேட்டது.

அவசரம் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் பார்த்து அடித்தாள். வேகவேகமாக அடித்ததில் முதல் தடவை தப்பாகப் போனது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். செட்டிங்கைப் பழையபடி மாற்றினாள். மாற்றம் ஏற, ரவுட்டர் ஒருமுறை அணைந்து மறுபடி கிளம்ப வேண்டும்; அதன் விளக்குகள் எல்லாம் அணைந்தன.

பல்பை மறுபடி பிளக்கில் மாட்டினாள். வெப்பமானி முப்பத்து நான்கரை.

ஒரு நிமிடம். ரவுட்டரில் ஒரு விளக்கு கண் சிமிட்டியது. முப்பத்து நான்கு.

அக்கா ஸ்க்ரூடிரைவரோடு வந்து பிளக்கில் கை வைத்தாள்.

"அக்கா, இரு. ஒரே ஒரு நிமிஷம்."

"எதுக்கு இரு? நீயே 'இரு'ன்னு சொல்றியா? உலகம் அழியப் போகுதா என்ன?"

அவள் கைக்குள்ளேயே பிளக் 'டக்' என்றது. பெட்டிக்குள் மஞ்சள் வெளிச்சம் பரவியது.

மூன்று பேரும் வெப்பமானியின் மேல் குனிந்தார்கள். முப்பத்தைந்து. முப்பத்தாறு. முப்பத்தேழரையில் பல்பு தானே அணைந்தது. அடுப்படியில் ரேடியோ நடுப்பாட்டிலிருந்து பாட ஆரம்பித்தது.

அக்கா பெட்டியில் காதை வைத்தாள். உள்ளே ஒரு முட்டையிலிருந்து மெல்லிய 'கீச்' கேட்டது. அவள் முகம் மலர்ந்தது. பொடியனும் காதை வைக்க வந்தான்.

"நீ கிட்ட வராதே. இனிமே இந்த ரூமுக்குள்ளேயே உனக்கு இடமில்ல."

"நாளைக்குக் குஞ்சு வர்றப்போ?"

"கதவுக்கு வெளியே நில்லு."

இருபது நாளாகத் தினமும் காலையில் முட்டைகளுக்கு வணக்கம் சொன்னவன் அவன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கதவை நோக்கி நடந்தான்.

பல்பு தானாக எரிந்து அணைகிறது. குஞ்சு கத்துகிறது. ரவுட்டரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேசாமல் இருந்தால் போதும்.

அவசரம் எழுந்து போய்ப் பொடியனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள். பெட்டி வரைக்கும் இழுத்து வந்து, அவன் காதை அதன்மேல் வைத்தாள். அப்புறம் அக்காவைப் பார்த்து, அவசரப்படாமல் சொன்னாள்:

"இவன் எதையும் தொடல அக்கா. என் வீடியோ வேகமா வரணும்னு, பழசையெல்லாம் வைஃபையிலேர்ந்து வெளியே தள்ளினது நான்தான்."