படத்தில் நீங்கள் இல்லை

இரண்டு மாத விடுப்பு முடிந்து அவன் எக்ஸ்ரே அறைக்குத் திரும்பிய காலையில் எல்லாம் விட்டது விட்டபடியே இருந்தது. பழைய கட்டடத்தின் கீழ்த்தளம். ஜன்னல் கிடையாது. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே எப்போதும் சாயங்காலம்தான். கிருமிநாசினி நெடியோடு, சூடேறிய இயந்திரத்தின் மேல் கருகும் தூசியின் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறியது. சுவர்க் கடிகாரம் யாருக்கும் காத்திராமல் ஓடிக்கொண்டிருந்தது.

சீனியர் அக்கா நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தாள். அவளுக்கு ஆறுதல் சொல்ல வராது. வேலை சொல்லத்தான் வரும்.

"எழுத்து ரெண்டும் இருக்கா, தொலைச்சுட்டியா?"

அவன் சட்டைப் பையிலிருந்து 'ஆர்' எழுத்தை எடுத்துக் காட்டினான். பிளாஸ்டிக்கில் பதித்த சின்ன ஈய எழுத்து. நோயாளியின் வலப்பக்கம் இதை ஒட்டிவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும். படம் எப்படித் திரும்பினாலும் எழுத்து காட்டிக் கொடுத்துவிடும். இடப்பக்கத்துக்கு 'எல்'.

"எல் பொண்ணுகிட்ட இருக்கு அக்கா. எந்தக் கால்ல எந்த ஷூன்னு பார்த்துக்கறதுக்கு."

"நல்லா இருக்கு போ, ஆஸ்பத்திரி சொத்து. சரி, மூச்சைப் பிடிக்கச் சொன்னா மறக்காம விடவும் சொல்லு. போன வருஷம் அந்தப் பெரியவரை நீலமாக்கினியே, அது மாதிரி ஆக்கிடாதே."

அவன் சிரித்தான். சிரிப்பு எப்படி என்பது வாய்க்கு ஞாபகம் இருந்தது.

பதினொரு மணிக்கு மனைவியின் தங்கை போனில் ஒரு படம் அனுப்பினாள். கீழே ஒரே வரி.

மாமா, இது யாரு?

படத்தில் அவன் மனைவி. அவள் மடியில் ஐந்து வயது மகள், வீட்டில் எல்லோருக்கும் சுண்டெலி. கடலுக்கு முன்னால் எடுத்தது. அவனே இணையத்தில் போட்ட படம்தான்.

ஆனால் போட்டிருந்த கணக்கு அவனுடையது இல்லை. 'எங்கள் வீடு' என்று பெயர். படத்தின் கீழே, 'நானும் என் குடும்பமும்' என்று எழுதியிருந்தது.

மனைவியின் தோளை அணைத்தபடி ஓர் ஆள் நின்றிருந்தான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருந்தான்.

*

நடந்தது இதுதான். விடுப்பில் அவனுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. குழந்தை பள்ளிக்குப் போனதும் சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டு, பழைய படங்களில் தினம் ஒன்றை எல்லோரும் பார்க்கும்படி போட்டான். மனைவியின் தோழிகள் கேட்டார்கள் என்பது சாக்கு. அவளை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவனுக்கு இருந்தது.

போடுவதற்கு முன் ஒவ்வொரு படத்திலும் தன்னை வெட்டி எடுத்தான்.

கடைசி இரவில், தலை வலிக்கிறது என்று அவள் சொன்னாள். மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கு, சரியாகிவிடும் என்று அவன் சொன்னான். ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவன் சொன்னான். விடிந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. அப்படிச் சொன்ன தன் முகத்தை அவள் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவனால் முடியவில்லை. ஆகவே ஓரத்தை நறுக்கினான். போனில் இடம் போதாததால் நறுக்கியதையே மூலப்படத்தின் மேல் சேமித்தான். நாற்பது படங்கள். சிலவற்றில் அவன் கை மட்டும் மிஞ்சியது. அவள் தோளில், ஆளில்லாத ஒரு கை.

இப்போது அந்தக் கைக்கு ஆள் வந்துவிட்டான்.

மச்சினி தையல்காரி. மத்தியானம் அவன் அவளுடைய கடைக்கே போனான். அவள் மிஷினை நிறுத்தாமல் பேசினாள்.

"நாற்பதையும் பார்த்தேன் மாமா. எல்லாத்தையும் கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பிப் போட்டிருக்கான். பாப்பா சட்டை நான் தெச்சது. பாக்கெட் இடது பக்கம்தான் வெச்சேன். இங்க வலது பக்கம் இருக்கு பாருங்க. அக்காவோட மச்சம்கூட இடம் மாறியிருக்கு."

"திருடின படத்தைத் திருப்பிப் போட்டா கண்டுபிடிக்கிறது கஷ்டம். எல்லாத் திருடனும் செய்யறதுதான்."

"ஆளை ஒட்டறதையுமா எல்லாத் திருடனும் செய்வான்?"

மிஷின் நின்றது.

"புகார் குடுங்க மாமா. நாளைக்குப் பாப்பாவையும் தன் பொண்ணுன்னு சொல்லுவான்."

அவன் அந்த இணையதளத்தில் புகார் கொடுத்தான். மறுநாளே பதில் வந்தது. மரியாதையான பதில்.

'நீங்கள் குறிப்பிட்ட படங்களைப் பரிசீலித்தோம். அவற்றில் எதிலும் நீங்கள் இல்லை. கணக்கின் உரிமையாளர் எல்லாப் படங்களிலும் இருக்கிறார். உங்கள் புகார் முடித்துவைக்கப்படுகிறது.'

இரண்டு முறை படித்தான். தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

*

அன்றைக்கே தன் கணக்கைப் பூட்டினான். படங்களின் குறுக்கே தன் பெயரை எழுதிப் பார்த்தான். கடைசியில் நாற்பதையும் அழித்தான்.

அந்தப் பக்கம் நாற்பத்தொன்று ஆனது.

நாற்பத்தொன்றாவது படத்தை அவன் வெட்டி வைத்ததோடு சரி, எங்கும் போட்டதே இல்லை. சமையலறை மேடையில் மகள் உட்கார்ந்திருக்க, மனைவி அவள் தலையை வாரிவிடும் படம். அவனுடைய போனை விட்டு வெளியே போகாத படம். சுவர்க் கடிகாரத்தின் எண்கள் இடவலம் மாறித் தெரிந்தன. அந்த ஆள் இன்னும் கொஞ்சம் திரும்பியிருந்தான். காது தெரிந்தது.

மனைவியோ சீப்பைப் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தைப் பார்த்தாள், அவன் வெட்டிய ஓரத்தை.

மூலப்படத்தில் அவள் அப்படிப் பார்க்கவில்லை. டைமர் வைத்து எடுத்தவனுக்குத் தெரியும்.

"நீங்க பாப்பாகூட நின்னு ஒரு படம் எடுத்து அனுப்புங்க மாமா, ஆதாரத்துக்கு," என்றாள் மச்சினி. சனிக்கிழமை காலையில் அவளே வந்து எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் அவன் மகளைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"கொஞ்சம் உள்ள வாங்க மாமா."

வந்தான்.

"இன்னும் உள்ள. ஏன் வெளிய போயிட்டே இருக்கீங்க?"

"நான் நகரவே இல்லைம்மா."

அவள் போனைத் தாழ்த்திப் பார்த்தாள், உயர்த்திப் பார்த்தாள். பதினான்கு படங்கள் எடுத்தாள். பதினான்கிலும் மகள் நடுவில் அந்தரத்தில் இருந்தாள். அவள் இடுப்பைச் சுற்றி ஒரு கை. மணிக்கட்டோடு படம் முடிந்தது.

போகும்போது மச்சினி செருப்பை மாட்டியபடி மெல்லச் சொன்னாள். "கேமராவுலதான் கோளாறு மாமா." அவனைப் பார்த்துச் சொல்லவில்லை.

*

வியாழக்கிழமை காலையில் மகளுக்கு முன்பல் விழுந்தது. பல் தேய்க்கும்போது கைகழுவும் தொட்டியில் 'டிங்' என்று விழுந்தது. அவன் அதைக் காகிதத்தில் மடித்து வைத்தான். யாருக்கும் சொல்லவில்லை. படம் எடுக்கவில்லை.

பதினொரு மணிக்குப் புதுப் படம் வந்தது. மகள் பொக்கை வாயோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆளின் கன்னம் தெரிந்தது. மூக்கு தெரிந்தது.

அன்று மாலை குளிக்க வைக்கும்போது வழக்கமான போட்டி. தண்ணீருக்குள் மூச்சைப் பிடிக்கும் போட்டி. பன்னிரண்டு எண்ணுவதற்குள் எப்போதும் போலத் தோற்று, இருமி, கோபித்துக்கொண்டாள்.

"நீ வேகமா எண்ண மாட்டேங்கற. நீ ஏமாத்தற."

"சரி, அடுத்த தடவை வேகமா எண்ணறேன்."

"அம்மா வேகமா எண்ணுவாங்க. அங்க வரச் சொல்றாங்க... இல்ல, அவங்க வரச் சொல்லல. வராத வராதன்னு சொல்றாங்க. அந்த அப்பாதான் கூப்பிடறாரு."

அவன் கையிலிருந்த சோப்பு நழுவியது.

"எந்த அப்பா?"

"படத்துல நிக்கற அப்பா. நீதான் நிக்கலையே."

அவன் அவளைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டான். ஈரத் தலையின் வாசனை. அவன் மார்பின்மேல் அவளுடைய இதயம் குஞ்சுப் பறவை போல அடித்தது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அவளைக் கண்ணை விட்டு நகரவிடவில்லை. பூட்டிய கதவில் இன்னொரு பூட்டு போட்டான். வீட்டில் இருந்த இரண்டு கண்ணாடிகளையும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தான். படித்தவன் செய்கிற காரியமா என்று தன்னையே கேட்டுக்கொண்டான். செய்தான்.

திங்கள் காலை அவள் தானே ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். கால் மாறியிருந்தது.

"எல் எழுத்து எங்க?"

"அது சுண்டெலிகிட்ட இருக்கு."

அவன் முட்டி போட்டு உட்கார்ந்தான். தவழும் வயதில் கட்டில் விளிம்பில் விழுந்து அவளுக்கு இடது புருவத்தில் ஒரு வெட்டு உண்டு. எதிரே நிற்பவரின் வலம் இடம் மற்றவர்களுக்குக் குழம்பலாம். எதிரே நிற்பவர்களைப் பார்த்தே பிழைப்பவன் அவன்.

வெட்டு வலது புருவத்தில் இருந்தது.

"நேரமாச்சு அப்பா," என்றாள். "நீங்க வரலையா?"

அவள் அவனை ஒருநாளும் 'நீங்க' என்று சொன்னதில்லை.

*

"டாக்டர் சீட்டு இல்லாமக் குழந்தைக்கு எடுக்கக் கூடாதுடா. உனக்குத் தெரியாததா?"

"ஒண்ணே ஒண்ணு அக்கா. காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். கதவை மூடினாள்.

குழந்தை பலகையில் மார்பை ஒட்டி நின்றது. அழவில்லை, கேள்வி கேட்கவில்லை. 'ஆர்' எழுத்தை வலது தோளுக்கு அருகில் அவன் தன் கையாலேயே ஒட்டினான். இரண்டு முறை சரிபார்த்தான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வந்து மைக்கை அழுத்தினான்.

"மூச்சைப் பிடிச்சுக்கோ கண்ணு."

இயந்திரம் முனகி அடங்கியது. கடிகாரத்தில் மணி ஒன்பது பத்து.

திரையில் படம் எழுந்து வந்தது. குருவிக்கூடு போல விலா எலும்புகள். அக்கா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டாள்.

"படம் திரும்பியிருக்கு பார்."

"எழுத்தைப் பாருங்க அக்கா."

எழுத்து நேராக இருந்தது.

இதயம் அந்த எழுத்தின் பக்கம் சாய்ந்திருந்தது.

"சிலருக்குப் பிறவியிலேயே அப்படி இருக்கும்..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். மூன்று வயதில் நிமோனியா வந்தபோது இவளுக்கு இதே அறையில் படம் எடுத்தது அக்காதான். கணினியில் தேடினாள். பழைய இயந்திரம், மெதுவாகத் திறந்தது. தேதி, எண், பெயர். படம் வந்தது. இதயம் இடப்பக்கம், இருக்க வேண்டிய இடத்தில்.

இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

அவன் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

'எங்கள் வீடு.' புதுப் படம். கீழே ஒரே சொல்.

'வந்துவிட்டாள்.'

அதே சமையலறை. சுவர்க் கடிகாரத்தின் எண்கள் இடவலம் மாறி இருந்தன. மனைவியின் மச்சம் மாறி இருந்தது. மகள் மட்டும் மாறவில்லை. வெட்டு இடது புருவத்தில். பாக்கெட் இடது மார்பில். கையில் இறுக்கிப் பிடித்திருந்த 'எல்' எழுத்து நேராக, சரியாக, எந்தக் குழப்பமும் இல்லாமல் தெரிந்தது.

அவள் அழுதுகொண்டிருந்தாள்.

மனைவி மண்டியிட்டு இரண்டு கைகளாலும் மகளை ஓரத்தை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தாள். ஏதோ கத்தும் வாய். மகள் கையை முழுதாக நீட்டியிருந்தாள். அவன் நிற்க வேண்டிய இடத்தை நோக்கி.

படம் அவள் விரல் நுனியில் வெட்டப்பட்டிருந்தது.

மகளின் தோளில் அந்த ஆளின் கை இருந்தது. அவன் இப்போது முழுதாகத் திரும்பியிருந்தான். தலை வலிக்கிறதா, மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கு என்று சொன்ன அதே முகம்.

அவன் போன் திரையின் ஓரத்தை இழுத்தான். பெரிதாக்கினான். தேய்த்தான். விரல் வலிக்கத் தேய்த்தான். வெட்டிய இடத்துக்கு அப்பால் ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை.

"கண்ணு, அப்பா இங்கதான் இருக்கேன்," என்றான். எந்தப் பக்கம் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் போனிடம் சொன்னான். "இங்கதான் இருக்கேன்டா."

அக்கா அவன் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன. அவள் போனைப் பார்க்கவில்லை. கண்ணாடித் தடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய்," என்றாள், மூச்சுக்குள்ளேயே. "அவளை மூச்சு விடச் சொன்னியா?"

அவன் நிமிர்ந்தான்.

குழந்தை பலகையை விட்டுத் திரும்பி, அவர்களைப் பார்த்தபடி நின்றது. கன்னங்கள் உப்பியிருந்தன. உதடுகள் ஒட்டியிருந்தன. மார்பு அசையவில்லை. முகத்தில் சிரமமே இல்லை. கண் சிமிட்டாமல், சொன்ன சொல் தட்டாத பிள்ளையாகக் காத்துக்கொண்டிருந்தது.

கடிகாரத்தில் மணி ஒன்பது இருபத்தொன்று.