நிறமில்லாத டின்

கடுகுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அடுத்து மூக்கு. மூக்கும் சிவந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்துவிடுவது நல்லது. எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி வெடிப்பாள் என்றுதான் வீட்டில் அந்தப் பெயரே வைத்தார்கள்.

அன்று பள்ளிக்கூடத்திலேயே மூக்குவரை சிவந்துவிட்டது.

புதிய அடையாள அட்டை கொடுத்திருந்தார்கள். பெயருக்குக் கீழே ரத்த வகை. கடுகின் அட்டையில் 'ஓ'. பின் பெஞ்சுப் பையன் ஒருவன் உண்டு. எல்லாம் தெரிந்தவன் என்பதால் அவனுக்குக் கம்ப்யூட்டர் என்று பெயர். வீட்டில் யாருக்கு என்ன வகை என்று அவன் கேட்டான். அப்பா ஏ, அம்மா பி, அண்ணன் ஏபி என்று கடுகு பெருமையாகத்தான் சொன்னாள்.

"ஏ-யும் பி-யும் சேர்ந்தா ஏபிதான் வரும். உங்க அண்ணன் சரி. நீதான் தப்பு," என்றான் அவன். "ஆஸ்பத்திரியில குழந்தையை மாத்திக் கொடுத்திருப்பாங்க."

வகுப்பே சிரித்தது. மணி அடிப்பதற்குள் 'மாத்துக் குழந்தை' என்று பட்டமும் கட்டிவிட்டார்கள்.

கடுகு நேராக அப்பாவிடம் போனாள். அவருக்குப் பெயின்ட் கடையில் வண்ணம் கலக்கும் வேலை. ஒரு துணித்துண்டைக் காட்டினால் போதும், அதே நிறத்தை டின்னில் கொண்டுவந்துவிடுவார். நடந்ததை எல்லாம் அவள் கொட்டித் தீர்த்தாள். அவர் பெயின்ட்டைக் குச்சியால் கலக்கிக்கொண்டே கேட்டார்.

"அவன் சொல்றது சரிதானேம்மா? நீலமும் மஞ்சளும் கலந்தா பச்சைதானே வரும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. குச்சி நின்றது. மகளையே ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, அதெல்லாம் ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார்.

அந்த ஒரு நிமிடம்தான் கடுகைச் சுட்டது. கம்ப்யூட்டர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அப்பா எப்படி யோசிக்கலாம்?

பஸ்ஸில் கண்டக்டர் வேலை முடிந்து வந்த அம்மாவிடமும் அதே சண்டை.

"பதினாறு மணி நேரம் வலியில கத்தினவ நான். என் பிள்ளை எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"நீங்க கத்தினது சரிம்மா. பக்கத்துக் கட்டில்லயும் யாராவது கத்தியிருந்தா?"

நூறு பேர் ஏறிய பஸ்ஸிலும் பேச்சுக்குக் குறை வைக்காத அம்மா, டிக்கெட் பையை ஆணியில் மாட்டிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். அண்ணன் வேறு, இந்த மூக்கு நம் வீட்டு மூக்கு மாதிரி இல்லையே என்று ஆராய்ச்சியில் இறங்கினான். தலையணை பறந்தது. அவனுடைய மூக்கும் சிவந்தது.

மறுநாள் விடுமுறை. தெருக்கோடியில் இருந்த பரிசோதனைக் கூடத்துக்குள் கடுகு விறுவிறுவென்று நுழைந்தாள். அடையாள அட்டைக்காக ரத்தம் எடுத்தது அங்கேதான்.

"நீங்க தப்பா எழுதிட்டீங்க. மறுபடியும் பாருங்க," என்று விரலை நீட்டினாள்.

"விரல்ல குத்தச் சொல்லிச் சண்டைக்கு வந்த முதல் ஆள் நீதான்," என்றார் பரிசோதனை செய்யும் அக்கா.

கண்ணாடித் துண்டில் இரண்டு சொட்டு ரத்தம். ஒன்றில் நீல மருந்து விட்டார், மற்றதில் மஞ்சள் மருந்து. நீலத்தில் ரத்தம் திரிந்தால் ஏ, மஞ்சளில் திரிந்தால் பி, இரண்டிலும் திரிந்தால் ஏபி. கடுகு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். எதிலும் திரியவில்லை.

"ஓ-தான். சந்தேகமே இல்லை."

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. அழுகிறோமே என்றும் கோபம் வந்தது. விஷயத்தைக் கேட்ட அக்கா சிரிக்கவில்லை.

"ஏ-ன்னா ஏ மட்டும்தான் இருக்கும்னு யாரு சொன்னா? எல்லார்கிட்டயும் ரெண்டு இருக்கும். அதுல ஒண்ணைத்தான் பிள்ளைக்குக் கொடுப்பாங்க. ஏ பக்கத்துல ஓ ஒளிஞ்சிருந்தா வெளியே தெரியாது."

அடுத்த ஆள் வந்துவிட்டதால் அவர் போய்விட்டார். கடுகு விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு தெருவில் நடந்தாள். இரண்டு இருக்கும், ஒன்று தெரியாது. தெரியாமல் ஒளிந்துகொள்ளும் நிறம் எது?

நடு வழியில் நின்றாள். திரும்பி அப்பாவின் கடைக்கு ஓடினாள்.

சாயங்காலம் கடையில் அம்மாவையும் அண்ணனையும் உட்காரவைத்து, அப்பாவின் மேசையில் நான்கு சின்ன டின்களை வரிசையாக வைத்தாள்.

"இது அப்பா. ஒரு நீலம், ஒரு வார்னிஷ். இது அம்மா. ஒரு மஞ்சள், ஒரு வார்னிஷ். அப்பாவோட ரெண்டையும் கலந்தா என்ன நிறம்?"

"வார்னிஷுக்கு ஏது நிறம்? நீலம்தான் தெரியும்," என்றார் அப்பா.

"அதான் ஏ. ஆனா பிள்ளைக்கு ஒரு டின்தான் தரணும். அண்ணனுக்கு நீங்க நீலம் கொடுத்தீங்க, அம்மா மஞ்சள் கொடுத்தாங்க. அவன் பச்சை. எனக்கு?"

அப்பாவின் கை தானாகவே வார்னிஷ் டின்னுக்குப் போனது. அம்மாவின் கை இன்னொரு வார்னிஷுக்கு. இரண்டையும் சேர்த்து ஊற்றினார்கள். கண்ணாடி மாதிரி மின்னியது.

"இருபது வருஷமா கலக்கறேன். எனக்குத் தோணலையே," என்றார் அப்பா.

கடுகின் காது மட்டும் இன்னும் சிவப்பாகவே இருந்தது. "நேத்து என்னை ஏன் அப்படிப் பார்த்தீங்க? நான் உங்க பொண்ணு இல்லைன்னு நினைச்சீங்கதானே?"

அப்பா குச்சியைத் துடைத்து வைத்தார்.

"உன்னைக் கேட்டு யாராவது வந்துட்டா என்ன பண்றதுன்னு நினைச்சேன். கொடுக்கமாட்டேன். கடையைப் பூட்டிட்டு உன்னைத் தூக்கிட்டு எந்தப் பக்கம் ஓடலாம்னு யோசிச்சேன். அதுக்கு ஒரு நிமிஷம் ஆச்சு."

கடுகின் காது மெல்ல வெளுத்தது.

"என்னையும் கூட்டிட்டுப் போயிருப்பீங்களா?" என்று அண்ணன் கேட்டான்.

பள்ளி திறந்ததும் நான்கு டின்களும் வகுப்புக்கு வந்தன. கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கேட்டான், தலையைச் சொறிந்தான். தான் சொன்னது தப்புதான் என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டான். பிறகு, நானும் ஒரு தடவை கலக்கிப் பார்க்கட்டுமா என்று கெஞ்சினான்.

கடுகு பெருந்தன்மையாகக் குச்சியைக் கொடுத்தாள். அந்த நீலம் சட்டையில் பட்டால் எத்தனை முறை துவைத்தாலும் போகாது என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.