மேவிஸ் டார்னலியின் மூக்குக்கண்ணாடி

செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை. மேஜை இருந்தது. மேஜைமேல் பேனா இருந்தது. மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை.

சிறுவர் கதை எழுத்தாளர் மேவிஸ் டார்னலி இறந்து முப்பது வருடமாகியும், நினைவு இல்லமாகிவிட்ட அவர் வீட்டு மாடியறையில் அந்தக் கண்ணாடி இப்போதுதான் கழற்றி வைத்ததுபோல் கிடக்கும். அதைப் பார்க்கத்தான் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் முழுவதிலுமிருந்து பிள்ளைகள் இந்த மலையூருக்கு வருகிறார்கள்.

“பூட்டு உடையல. சாவி ஒண்ணே ஒண்ணு. அதுவும் உங்கிட்ட” என்றாள் கான்ஸ்டபிள் ஹேசல் நோலன். அவள் குடியிருப்பது எதிர்வீட்டில்தான்.

“அதான் பயமா இருக்கு” என்றாள், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கோரல். “வேலை போனா தோட்டத்துக் குடிலும் போயிடும். இந்த வயசுல எங்க போறது, ஹேசல்?”

மாடி ஜன்னல் காற்றுக்காகத் திறந்தே இருக்கும். கீழே, மழையில் ஊறிய மண்ணில் ஏணித் தடம் இல்லை. ஜன்னலை உரசிக்கொண்டு ஒரு யூக்கலிப்டஸ் மரம். அதில் மேக்பை என்கிற கறுப்பு வெள்ளைப் பறவையின் கூடு.

வசந்தம் வந்தால் ஊரிலுள்ள மேக்பைகள் போகிற வருகிற தலைகளைக் கொத்தும். இது மட்டும் சாது. கோரலின் கையிலிருந்தே கறித்துண்டு வாங்கித் தின்னும்.

அடுத்த வீட்டு டெஸ் வழுக்கைத் தலையோடு மரத்தடியில் நடந்து வந்தார்.

“பஸ்காரன் என் கேட்டை மறிக்கிறான். வர்றவங்க டாய்லெட் எங்கேன்னு என் கதவைத்தான் தட்டுறாங்க. கண்ணாடி போச்சா? சந்தோஷம்.”

“நீங்க எடுத்தீங்களா?”

“என் முட்டியைப் பாரு தாயி. கட்டில்ல ஏறவே ரெண்டு தடவை யோசிக்கிறேன்.”

பத்து மணிக்கு நினைவு இல்லக் கமிட்டிச் செயலாளர் நெவில் ப்ரூவிட் வந்தார். ஐம்பது வயதிலும் தினமும் ஓடுகிற உடம்பு. வானத்தில் பொட்டு மேகமில்லை, தலைக்குமேல் குடை.

“வெயில் ஒத்துக்காது” என்றார் கேட்காமலே. பிறகு, “வருத்தமாத்தான் இருக்கு, கோரல். வெள்ளிக்கிழமைக்குள்ள குடிலைக் காலி பண்ணிடுங்க. அங்க ஒரு காபிக்கடை வைக்கலாம்னு ரொம்ப நாளா யோசனை.”

கோரல் குடிலுக்குள் போனாள்.

நெவில் குடையோடு மர நிழலைக் கடந்தார். தெருவில் சுள்ளென்ற வெயில். அங்கே குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஹேசல் ஓடிப்போய்ப் பிடித்தாள்.

“நெவில், குடையை எங்கிட்ட குடுத்துட்டு அந்த மரத்தடி வரைக்கும் நடந்துட்டு வாங்களேன்.”

“எதுக்கு?”

“சும்மா.”

நெவில் குடையை நீட்டிவிட்டு நடந்தார். மரத்தடியை நெருங்குமுன்பே கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று மேலிருந்து பாய்ந்தது. காதோரம் ரத்தம். பின்னாலேயே வந்த ஹேசலை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“நிழல்ல குடை பிடிக்கிறீங்க, வெயில்ல மடக்குறீங்க. அப்போ நீங்க பயந்தது வெயிலுக்கு இல்ல” என்றாள் ஹேசல். “மேக்பை முகத்தை மறக்காது. ஊர்ல யாரையும் தொடாத பறவை உங்களை மட்டும் தேடிவந்து கொத்துதுன்னா, அதோட கூட்டுப் பக்கம் போயிருக்கீங்க. அந்தக் கிளைமேல ஏறினா எட்டுறது ஒரே ஒரு ஜன்னல்தான். உங்களுக்குக் குடில் வேணும், அதுக்குக் கோரல் மேல திருட்டுப் பழி விழணும்.”

“பறவை சொல்லுச்சுன்னு கோர்ட்டுல சொல்வீங்களா?”

“மாட்டேன். உங்க கார் டிக்கியைத் திறங்க.”

கண்ணாடி பஞ்சில் பொதிந்து, நெவிலின் கைக்குட்டையில் சுற்றி, பத்திரமாக இருந்தது.

“தூக்கிப் போட்டிருக்கலாமே?”

“மனசு வரல” என்றார் நெவில். “சின்ன வயசுல அவங்க கதை கேட்டாத்தான் தூங்குவேன்.”

அவரை ஜீப்பில் உட்காரவைத்துவிட்டு ஹேசல் குடிலின் கதவைத் தட்டினாள்.

“கிடைச்சுடுச்சு, கோரல். நீ எங்கயும் போக வேண்டாம். ஒரு டீ போடு.”

உள்ளே அட்டைப்பெட்டிகளை இழுக்கும் சத்தம். பிறகு குரல் வந்தது:

“கொஞ்சம் இரு. கெட்டிலை எந்தப் பெட்டியில கட்டினேன்னு தெரியல.”