தோல் சீவிய வள்ளி

"என் நாத்தனாரை நான்தான் கொன்னேன்னு மாமியார் சொல்றாங்க. நிஜமான்னு பார்த்துச் சொல்லுங்க சார்." அந்தப் பெண் ஒரு தகர டப்பாவை மேசைமேல் வைத்தாள்.

ஊரார் லென்ஸ்காரர் என்று கூப்பிடும் அவர், மருந்துக் கிழங்குகளின் தர ஆய்வகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பக்கத்தில் அவருடைய மச்சான். காபி ஆறுவதற்குள் கொலைகாரனைப் பிடித்துவிட வேண்டும் மச்சானுக்கு.

"காய்ச்சல்ல விழுந்த உடம்பு தேறட்டும்னு வள்ளிக்கிழங்குக் கஞ்சி வெச்சுக் குடுத்தேன். புது டப்பா திறந்த அன்னிக்கு 'கசக்குது அண்ணி'ன்னா. மருந்துன்னா அப்படித்தான், குடின்னேன். ரெண்டே நாள்ல போயிட்டா. சாப்பாட்டுல விஷம்னார் டாக்டர். இப்பவும் அடுப்படியில நின்னா அந்தக் குரல் முதுகுக்குப் பின்னால கேக்குது."

"கடைக்காரன் கலந்திருப்பான்," என்றார் மச்சான்.

"சீல் வெச்ச டப்பாவுக்குள்ளயா? சும்மா இரு மச்சான்."

லென்ஸ்காரர் டப்பாவிலிருந்து ஒரு காய்ந்த கிழங்கு வில்லையை எடுத்துச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை.

"வள்ளியோட மாவுத் துகள் முட்டை மாதிரி நீண்டிருக்கும். இது கோணல் உருண்டை. கசப்பையும் சேர்த்தா, இது கலப்பைக்கிழங்கு, செங்காந்தளோட கிழங்கு. வேகவெச்சாலும் விஷம் போகாது. தோண்டினவன் தெரியாம சேர்த்திருக்கான்."

"டப்பா சீட்டுல ஆய்வகம் 'தேறியது'ன்னு போட்டிருக்கே அத்தான். லஞ்சம்தான்."

"லஞ்சமே வேண்டியதில்ல. அங்க அயோடின் சொட்டு மட்டும்தான் விட்டுப் பார்ப்பாங்க, ரெண்டுமே நீலமாகும். முழுக் கிழங்கைப் பார்த்தா, கலப்பை மாதிரி வளைஞ்சிருக்குன்னு குழந்தைகூடச் சொல்லும். ஆனா மண்ணோட வந்தா ஆய்வகம் வாங்காது. தோல் சீவி, நறுக்கி, காயவெச்சு அனுப்பணும். அடையாளம் குப்பைக்குப் போன பிறகுதான் பரிசோதனை."

"எந்த மடையன் அப்படி விதி போட்டான்?"

லென்ஸ்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான்தான். மேசையெல்லாம் மண்ணாகுதுன்னு எழுதினேன். பதினோரு வருஷமா அதுதான் விதி."

அந்தப் பெண் அழவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பதினோரு வருடத்தில் எத்தனை வீடுகளோ. ஆய்வகத்துக்குப் போன் போட்டு, அந்தத் தொகுதி டப்பா ஒன்றுவிடாமல் திரும்ப வாங்கச் சொன்னார். பிறகு சட்டையை மாட்டினார்.

"வாங்கம்மா, உங்க வீட்டுக்குப் போகலாம்."

மாமியார்தான் கதவைத் திறந்தாள். வாசலில் நின்றபடியே அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"உங்க மகளைக் கொன்னது இவங்க இல்லம்மா. நான் எழுதின விதி."

கிழவி மருமகளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.