வெட்டிய வயர்

சல்லடையில் நரைமுடி இருந்தது. மெக்கானிக்கின் வீட்டில் யாருக்கும் நரை கிடையாது.

அவன் அதை விரலால் வழித்தெடுத்தான். டிரையரில் சுற்றும் துணியிலிருந்து உதிரும் பஞ்சு எப்போதும் உலர்ந்து லேசாகத்தான் சல்லடையில் படியும். இதுவோ ஈரமாக, கொழுப்புப் பிசுக்கோடு விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு விலகமாட்டேன் என்றது. அடுப்பில் முடி விழுந்து பொசுங்கினால் ஒரு வாடை வருமே, அது மூக்கைத் துளைத்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் கையை விட்டுப் போகவில்லை.

தீப்பிடிக்கிறது என்று கம்பெனி திரும்பப் பெறச் சொன்ன டிரையர் அது. வீடு வீடாகப் போய் வயரை வெட்டி, வெட்டியதைப் படமெடுத்து அனுப்பி, இயந்திரத்தை உடைக்கக் கொடுப்பதுதான் அவன் வேலை. இதையும் வெட்டினான், படமெடுத்தான். பிறகு புது வயர் மாட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். அடைமழை, கைக்குழந்தை, காயாத துணி மூட்டை. கைத்தொழில் தெரிந்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? “கோளாறு எங்கேன்னு எனக்குத் தெரியாதா? சரி பண்ணிட்டேன்” என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டான். முன்பு அது நின்றிருந்த வீட்டு அறையில் ஒரு கிழவர் கருகிச் செத்ததையும், சுவரெல்லாம் கரியாகக் கிடக்க அது மட்டும் பளபளவென்று நின்றதையும் அவளிடம் மூச்சு விடவில்லை.

“என்னங்க, பாப்பா சட்டைய மோந்து பாருங்க. குமட்டுது” என்றாள் அவள்.

“சும்மா கெடந்த மெஷின். போகப் போக சரியாயிடும்.”

“சட்டைதான்னு நெனச்சேன். குளிப்பாட்டி முடிச்சும் பாப்பா மேலயே அடிக்குதுங்க.”

குழந்தையின் கழுத்தில் முகம் புதைத்து முகர்ந்தான். அதே பொசுங்கிய முடி வாடை. பெற்ற பிள்ளையை முகர்ந்து ஓங்கரிக்கிறோமே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு, நேரே போய் வயரை நறுக்கென்று வெட்டினான். இந்த முறை படமெடுக்கவில்லை. பிளக்கோடு துண்டைச் சன்னல் வழியே மழையில் வீசினான்.

“காலைல உடைக்கக் குடுத்துடறேன், போதுமா?”

மனைவி சமாதானமாகிச் சமையலறைக்குப் போனாள்.

மழையினூடே அந்த ஓசை கேட்டது. டிரம் மெல்லச் சுற்றும் ஓசை. உள்ளே ஏதோ கனமாக மேலேறி விழுந்தது. தொப். மறுபடி, தொப். அவன் உள்ளே எதையும் போடவில்லை.

போய்த் தொட்டான். கண்ணாடிக் கதவு சுட்டது. உள்பக்கம் மஞ்சளாய்க் கொழுப்பு வழிந்தது. சல்லடையை உருவினான். நரை இல்லை. கறுப்பு. மெல்லிய, பூ மாதிரியான முடி. தினமும் அவன் முத்தமிடும் முடி.

தொட்டிலுக்கு ஓடினான்.

குழந்தை விழித்திருந்தது. அழவில்லை. தலை வழுவழுவென்று மொட்டையாக இருந்தது. கன்னங்கள் உப்பியிருந்தன. உதட்டோரம் சாம்பல் நிறத்தில் ஒரு நுனி.

பஞ்சு.

பிடித்தான். ஈரம். பிசுக்கு. இழுத்தான். வந்தது.

“என்னங்க, மறுபடியும் மெஷினைப் போட்டீங்களா?” சமையலறையிலிருந்து மனைவியின் குரல்.

இழுத்தான். வந்துகொண்டே இருந்தது. சுடச்சுட.