அப்பா செத்தால் வரி இல்லை

ஆர்லோ ஸ்வென்சனின் மார்பின் மேல் எட்டு மில்லியன் டாலர் கார் உட்கார்ந்திருந்தது.

சிவப்பு நிற இத்தாலிய ரேஸ் கார். ரத்தம் அதில் தெரியவில்லை... தரையில்தான் தெரிந்தது.

அது விலைபோகவிருந்த மான்டரே கார் ஏலம் நாளைக்கு. காரேஜ் மூலையில் மகன் கர்ட் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அப்பா ஆயில் கசிவைப் பார்க்க அடியில் படுத்தாராம். ஜாக்கி இறங்கிவிட்டதாம்.

டிடெக்டிவ் இபாரா குனிந்தாள். கிழவரின் பின்மண்டை பிளந்திருந்தது.

ஆயுள் முழுக்கக் கார்களோடு வாழ்ந்தவர், முட்டு கொடுக்காமலா அடியில் படுப்பார்? காரைத் தாங்க வேண்டிய இரும்பு ஸ்டாண்டுகள் இரண்டும் சுவரோரம் நின்றன.

ஒன்றைத் தூக்கினாள்.

அதன் அடிப்பாகத்தில்... ஈர ரத்தம்!

மண்டையை உடைத்து, ரத்தம் தரையில் பரவிய பிறகுதான் யாரோ ஸ்டாண்டைக் காருக்கடியிலிருந்து உருவியிருக்கிறார்கள்.

ஏல வேலையாக வந்திருந்த ஆடிட்டர் ஹெஸ்டரை வாசலுக்கு அழைத்துப் போனாள் இபாரா. எப்படியும் மகனுக்கு வரப்போகிற சொத்து. இன்றைக்கே கொல்ல என்ன அவசரம் என்று கேட்டாள்.

ஹெஸ்டர் குரலைத் தாழ்த்தினாள்.

"அவர் இந்தக் காரை அந்தக் காலத்துல அடிமாட்டு விலைக்கு வாங்கினாரு, மேடம். நாளைக்கு வித்தா லாபத்துல பாதிக்குக் கிட்ட வரியாப் போயிடும். அதுக்கு முன்னாடி செத்துட்டா... இன்னிக்கு விலைதான் மகன் வாங்கின விலைன்னு சட்டம் எடுத்துக்கும். லாபமும் இல்ல, வரியும் இல்ல."

"இது கர்ட்டுக்குத் தெரியுமா?"

"நான்தான் சொன்னேன்."

பின்னால் காற்று கிழிந்தது.

வீல் ஸ்பானர் இபாராவின் இடது தோள் எலும்பை நொறுக்கியது. அடுத்த அடி ஹெஸ்டரின் தலைக்கு. அதற்குள் இபாராவின் துப்பாக்கி வெடித்தது.

முழங்கால் சில்லு சிதறி, கர்ட் சரிந்தான்.

"சாகப்போற வயசுதான அவருக்கு..." என்று அலறினான். "வரிக்காரனுக்கா அள்ளிக் குடுக்கச் சொல்றீங்க?"

ஹெஸ்டர் அவன் பக்கம் திரும்பினாள்.

"மடையா... செவ்வாக்கிழமை நீட்டின பேப்பர்ல எல்லாம் கையெழுத்துப் போட்டியே, எதையாவது படிச்சுப் பாத்தியா? காரை அன்னிக்கே உன் பேருக்கு எழுதிட்டாரு உங்கப்பா. நாளைக்கு ஏலத்துல சொல்லி உன்னை அசத்தணும்னு ஆசை அவருக்கு."

கர்ட்டின் அலறல் நின்றது.

"அப்ப... வரி?"

"உயிரோட குடுத்த பரிசுக்கு அவர் வாங்கின பழைய விலைதான் கணக்கு. முழு வரியும் நீதான் கட்டணும்."

ஒற்றைக் கையால் அவனுக்கு விலங்கு பூட்டினாள் இபாரா.

"கவலைப்படாத கர்ட். ஆயுள் தண்டனைக்கு வரி கிடையாது... மொத்தமும் உனக்கே!"