கார் இறங்கிய நேரம்

டெலிபோன் அலறியது.

காலை மணி ஒன்பதே முக்கால். இடியாப்பத்தில் தேங்காய்ப்பால் ஊற்றிப் பசியாறிக்கொண்டிருந்த அஹமது கபீர், இடது கையால் ரிசீவரை எடுத்தார்.

"பாய், எஸ்.ஐ. சகாயம்மாள் பேசறேன். வீட்டை விட்டு எங்கயும் போயிடாதீங்க."

"ஏன் மேடம்?"

"உங்க வீட்டு கார் லிஃப்ட்டு ஒருத்தர் காலை நசுக்கிடுச்சாம். நீங்கதான் வேணும்னே காரை அவர் மேல இறக்குனீங்களாம். கொலை முயற்சின்னு எழுதிக் குடுத்திருக்காரு."

கபீரின் கையிலிருந்து பால் சொட்டியது.

"யாரு மேடம்?"

"துரைராசு."

டொக்…

லைன் துண்டிக்கப்பட்டது.

துரைராசு யார்?

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போகிற சாலையில், எந்த வயலைக் கேட்டாலும் அவர் பெயரைச் சொல்லும். நிலத் தரகர். சட்டைப் பையில் எப்போதும் யாராவது ஒருவருடைய பட்டா. தோளில் எப்போதும் ஒரு துண்டு. ஆட்சி மாறினால் அதன் கரையும் மாறும். இரண்டு கரையும் சலவை செய்து தயாராக பீரோவில் இருக்கும்.

கபீர் வீட்டுக் கராஜ் நிற்கிற மூன்று சென்ட் இடத்தின் மேல் அவருக்கு ஒரு வருஷமாகக் கண். சர்வேயில் யாரோ பெயரை மாற்றி எழுதியதைப் பிடித்துக்கொண்டு, அது தன் பெரியப்பா சொத்து என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கராஜ்தான் கபீரின் உயிர்!

ஷார்ஜாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருபத்திரண்டு வருஷம் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தவர். ஊர் திரும்பியதும் முதுகு சொன்னது ஒன்றே ஒன்று… இனி படுக்காதே. அதனால்தான் கோயம்புத்தூரிலிருந்து லிஃப்ட் வாங்கினார். இரண்டு இரும்புத் தூண், நான்கு கை, நடுவில் கார். பட்டனை அமுக்கினால் கார் மேலே போகும். நின்றபடியே அதன் வயிற்றைப் பார்க்கலாம்.

லாரியிலிருந்து தூண்கள் இறங்கியபோது, தர்கா கந்தூரிக்குக் கொடிமரமா என்று நாலு பேர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். தூணை நிறுத்தத் தரையில் ஆறங்குல கான்க்ரீட். அதற்கு இருபத்தெட்டு நாள் விடாமல் தண்ணீர். நாற்றங்காலுக்குக்கூட யாரும் இப்படிக் காவல் இருந்ததில்லை என்று மனைவி கமருன்னிஸா கேலி செய்தாள்.

இப்போது அவள் கேலி செய்யவில்லை.

"ஏங்க… உள்ள வச்சுடுவாங்களா?"

கபீர் கை கழுவ எழுந்தார். வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

துரைராசு இறங்கினார். முழங்காலிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. கக்கத்தில் ஒரு கட்டை. கட்டுப் போட்டது அவருடைய மச்சான், மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் என்பது பிற்பாடு தெரிந்த சங்கதி.

நொண்டி நொண்டிக் கிட்டே வந்தவர், குரலைத் தாழ்த்தினார்.

"பாய், நமக்குள்ள எதுக்குப் போலீசு, கோர்ட்டு? மூணு சென்ட்டை எழுதிக் குடுத்துடுங்க. எங்கால் தானா சரியாயிடும்."

"எழுதலேன்னா?"

"திருச்சி ஜெயில்ல லிஃப்ட்டு இல்ல பாய்."

கபீர் வாயைத் திறப்பதற்குள் போலீஸ் ஜீப் வந்துவிட்டது.

சகாயம்மாள் இறங்கினாள். முப்பத்தைந்து வயசு. அப்பா திருக்கடையூர்ப் பக்கம் விவசாயி. யாரையும் அதட்ட மாட்டாள். எதிராளி சொல்வதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொள்வாள். அதனால்தான் அவளிடம் எல்லோருக்கும் பயம்.

துரைராசு கதையைக் கண்ணீரோடு சொன்னார். காலை எட்டு மணிக்குச் சமாதானம் பேச வந்தாராம். மேலே நின்ற அம்பாசிடருக்குக் கீழே நின்றுதான் பேசினாராம். கபீர் சட்டென்று காரை இறக்கினாராம். கால் சிக்கியதாம். கதறியதும் மறுபடி மேலே தூக்கிவிட்டாராம்.

"எட்டு மணிங்கறது சரியா பாத்து சொல்றீங்களா?"

"எட்டடிச்ச சத்தம் எங்காதுல கேட்டுச்சு மேடம்."

எழுதிக்கொண்டாள். கராஜுக்குள் போனாள். அண்ணாந்து பார்த்தாள். ஆறடி உயரத்தில் அம்பாசிடர், நேற்று மாலை ஏற்றியது ஏற்றியபடி நின்றது.

"பாய், இதை இப்ப இறக்கிக் காட்டுங்க."

"இப்ப முடியாது மேடம்."

துரைராசு சிரித்தார்.

"பாத்தீங்களா? நடிக்கிறாரு."

கபீர் பொறுமையாக விளக்கினார். கார் மேலே போகப் போக, தூணுக்குள் இரும்புக் கொக்கிகள் ஒவ்வொன்றாக டக்… டக்… என்று விழும். அந்தக் கொக்கியின் மேல்தான் கார் உட்கார்ந்திருக்கிறது. இறக்க வேண்டுமென்றால் முதலில் இரண்டு விரற்கடை மேலே தூக்கிக் கொக்கியை விடுவிக்க வேண்டும். தூக்குவதற்கு மோட்டார் ஓட வேண்டும். மோட்டாருக்கு, வயல் பம்புசெட்டுக்கு வருகிற அதே த்ரீ பேஸ் கரண்ட் வேண்டும்.

பச்சை பட்டனை அமுக்கினார்.

சத்தமே இல்லை.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. விளக்கு எரிந்தது. மோட்டார் மட்டும் கல்லாகக் கிடந்தது.

சகாயம்மாள் கராஜின் பின்கதவைத் திறந்தாள். வாய்க்காலுக்கு அப்பால், குறுவை நடவு வயலின் வரப்பில் வயல்காரி ராமாயி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, மோட்டார் போடலியா?"

"எங்கேருந்து போடறது? போன வாரம் காலை முறை. இந்த வாரம் பன்னெண்டு மணிக்கு மேலதானே த்ரீ பேஸ் வுடறான்."

"இன்னிக்குக் காலைல எட்டு மணிக்கு வந்துச்சா?"

"வந்திருந்தா நான் ஏம்மா குந்தியிருக்கேன்? நாத்து காயுது."

சகாயம்மாள் திரும்பினாள்.

"துரைராசு அண்ணே, நெலத்தை வித்தே பொழைச்சுட்டீங்க. ஒரு நாளாவது தண்ணி பாய்ச்சியிருந்தா இந்த முறை தெரிஞ்சிருக்கும்."

துரைராசுவின் முகம் வெளிறியது…

ஒரே ஒரு வினாடி!

தரகர் அல்லவா. அடுத்த வினாடி சமாளித்துவிட்டார். வலி மாத்திரையில் தலை சுற்றுகிறதாம். நாள் குழம்பிவிட்டதாம். நடந்தது இன்றைக்கு இல்லை, நேற்றாம்.

"நேத்து மதியம் ரெண்டரை மணி மேடம். அப்ப த்ரீ பேஸ் இருந்துச்சா இல்லியா, அந்தம்மாவையே கேளுங்க."

ராமாயி கேட்காமலே தலையாட்டினாள். இருந்தது.



நேற்று இரண்டரை மணிக்கு லிஃப்ட்டில் என்ன நின்றது என்று அவருக்குத் தெரியும். சொன்னால் தப்பித்துவிடலாம். ஆனால் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். சொன்னால் இன்னொருவருடைய வேலைக்கு ஆபத்து.

வாயை இறுக மூடிக்கொண்டார்.

சகாயம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு துரைராசுவிடம் பேனாவை நீட்டினாள்.

"புகார்ல நேரத்தைத் திருத்தி, பக்கத்துல கையெழுத்துப் போடுங்க."

போட்டார். சந்தோஷமாகப் போட்டார்.

காகிதத்தை மடித்தபடி அவள் நிதானமாகச் சொன்னாள்.

"நேத்து ரெண்டுலேந்து மூணரை வரைக்கும் இந்த லிஃப்ட்டு மேல எங்க ஸ்டேஷன் ஜீப் நின்னுச்சு. ஓட்டை சைலன்சர். ஆபீஸ் மூலமா போனா ஆர்டர் வர மூணு மாசமாகும். அதான் பாய்கிட்ட கொண்டாந்தேன். கீழ நின்னு டார்ச் அடிச்சது நானு. உங்க காலு எங்கண்ணுல படலியே."



"மேடம்…" கபீர் தடுமாறினார். "உங்களுக்கு மேலிடத்துல…"

"சைலன்சர் மாத்துனதுக்கு விளக்கம் எழுதிக்கலாம் பாய். ஒருத்தரைப் பொய்க் கேஸ்ல தள்ளுனதுக்கு என்னத்த எழுதறது?"

கமருன்னிஸா மெதுவாகக் கணவரின் சட்டையை இழுத்தாள்.

"ஏங்க, கட்டையைப் பாருங்க. கீழ கெடக்கு. அவரு கட்டுப் போட்ட கால்லதான் நிக்கறாரு."

துரைராசு அவசரமாகக் காலை மாற்றினார். கட்டையை எடுக்கக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்டாம்ப் பேப்பர் நழுவியது. சகாயம்மாள் எடுத்து வாசித்தாள். கபீர் கையெழுத்துக்காகத் தயாராக எழுதிவைத்த கிரயப் பத்திரம். வாங்குபவர் இடத்தில் துரைராசு முன்கூட்டியே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"'அஹமது கபீருக்குப் பாத்தியமும் அனுபோகமுமான மூன்று சென்ட்'டுன்னு நீங்களே ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. உங்க பெரியப்பா சொத்துன்னீங்களே?"

"அது… பத்திரத்துல எப்பவும் அப்படித்தான் எழுதறது மேடம்."

"தாசில்தாரும் எப்பவும் அதைத்தான் படிப்பாரு."

துரைராசுவின் தோளிலிருந்து துண்டு சரிந்தது. கட்சி ஆபீசுக்கு ஒரு போன் போட்டுக்கொள்ளட்டுமா என்று கெஞ்சினார்.

சகாயம்மாள் ஜீப்பின் பின்கதவைத் திறந்துவிட்டாள்.

"போனு எதுக்குண்ணே? ஏறி உக்காந்து அங்கேருந்தே கூப்பிடுங்க. சைலன்சர் புதுசு, சத்தமே வராது. நீங்க கத்துறது ஊர் முழுக்கத் தெளிவா கேக்கும்."